உன் வண்டியின் பிளாஸ்டிக் நட்டை மாற்றியது நான்தான்

என் மகனே,

கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், எழுதுவது உன் தங்கை. சொல்லுவது நான். என் கையால் எழுதினால் ஏதோ லோடு ரசீது என்று நினைத்து வண்டியில் செருகிவிடுவாய். நான் பேசுகிறபடியே எழுதாதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி திருத்தி எழுது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பத்தாவதோடு நின்றாலும் அவளுக்கு அது வரும். ஒரே ஒரு சிக்கல். நான் அழகாக எதையாவது சொல்லும்போது அவள் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். "ஏட்டி, எழுது" என்றால், தலையைக் குனிந்துகொண்டு, "அது அப்படி நடக்கலியே அப்பா" என்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தில் அழகு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

வருகிற ஆவணியில் உனக்குக் கல்யாணம் நடக்க வேண்டும். இலஞ்சியில் பெண் பார்த்து, பூ வைத்து, தேதி குறிப்பது மட்டும்தான் பாக்கி. அந்தத் தேதி வருமா, வராமலே போய்விடுமா என்று ஐந்து வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வராமல் போனால் அதற்குக் காரணம் நீயும் இல்லை, உன் வண்டியைச் செய்த கம்பெனியும் இல்லை, நான். நீ படித்து முடித்ததும் இதை நம் ஸ்டாண்டில் நிற்கிற லோடு வண்டிக்காரர்கள் எல்லோரிடமும் கொடு. அங்கே நின்றுதான் அத்தனை பேர் காதிலும் விழும்படி நான் அந்தக் கம்பெனியை ஏசினேன். அத்தனை பேர் கண்ணிலும் இதுவும் படட்டும்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பது முறை. அதற்கு முன்னால் என் புத்தி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். எதையும் அளவாக முடுக்கி நிறுத்த எனக்கு வராது. நட்டு நின்றுவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகும், ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால்தான் எனக்கு மனசு ஆறும். அந்தப் பழக்கம் வண்டியோடு நிற்கவில்லை. நம் வீட்டுக் குழாயை நான் அடைத்தால் நான்தான் திறக்க வேண்டும். நான் புளியங்குடியில் எலுமிச்சங்காய் ஏற்றிக்கொண்டு கொல்லத்துக்குப் போய்விட்டால், திரும்பி வருகிறவரைக்கும் உன் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். "ஏன், உங்க வீட்டுல தண்ணி வரலியா?" என்று அவர்கள் கேட்டால், "தண்ணி வந்துட்டு, எங்க வீட்டுக்காரருதான் வரல" என்பாள்.

நீ மூன்றாவது படிக்கும்போது ஒருநாள் உன் தண்ணீர் பாட்டிலை நான் மூடிக் கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. வகுப்பு டீச்சர் திறந்து பார்த்து முடியாமல், டிரில் வாத்தியார் திறந்து பார்த்து முடியாமல், கடைசியில் ஹெட்மாஸ்டரே அதைக் கதவிடுக்கில் வைத்துத் திருகியிருக்கிறார். மூடி கழன்றது. கதவும் கழன்றது. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். "பையில சிந்திரக் கூடாதேன்னுதான் சார்" என்றேன். "சிந்தக் கூடாது, சரி. பிள்ள குடிக்கவும் செய்யணும்லா அண்ணாச்சி?" என்றார் அவர். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்ல மூடி, பலமில்லாத கதவு என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நம் பழைய வண்டி என் கைக்கு ஈடுகொடுத்தது. அதில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சேம்பர் இரும்பு. ஆயிலை மாற்றும்போது வடித்து விடுவதற்கு அதன் அடியில் இருக்கிற டிரெயின் நட்டும் இரும்பு. நடுவில் ஒரு செம்பு வாஷர். இரும்பும் இரும்பும் எவ்வளவு முடுக்கினாலும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஒருதடவை செங்கோட்டையில் வைத்து முடுக்கியபோது மரை மொத்தமும் அறுந்து நட்டு கையோடு வந்துவிட்டது. உன் அம்மாவுக்கு வாங்கி வண்டியில் வைத்திருந்த புதுச் சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பி, தென்காசி வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். "அளவுக்கு மேல முடுக்கிட்டோம்" என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. "என்ன அருமையான சோப்பு" என்று பத்து பேரிடம் சொன்னேன்.

இப்படிப்பட்டவன் வீட்டு வாசலில்தான் நீ உன் புது பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினாய். நிறுத்திவிட்டு நீ சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, இதுல மட்டும் நீங்க கை வச்சிராதீங்க. சர்வீஸ்ல பாத்துக்கிடுவாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எங்கேயோ குத்தியது. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவனை, பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி தள்ளி நின்று பார் என்கிறானே என்று இருந்தது. நீ செங்கோட்டைக்குக் கூட்டாளி கல்யாணத்துக்குப் போன அன்று, சும்மா பார்க்கலாம் என்று அடியில் நுழைந்தேன். சத்தியமாகச் சும்மா பார்க்கத்தான். (இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டாள். சரி, ஸ்பேனரும் குழாயும் கையில் இருந்தன.)

அங்கே அந்த நட்டைக் கண்டேன். கறுப்பாக, எடையே இல்லாமல், ஒரு சிவப்பு ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொண்டு, ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி இருந்தது. பிளாஸ்டிக்! தொட்டுத் திருகினேன், வெறும் கைக்கே வந்துவிட்டது. என் வாழ்நாளில் எந்த நட்டும் என் கைக்கு அப்படி ஒரு மரியாதையும் இல்லாமல் வந்தது கிடையாது. உன் அம்மா துணி ஊறவைக்கிற பேசினை இழுத்துப் பிடிப்பதற்குள் ஆயில் முழங்கை வரைக்கும் வழிந்துவிட்டது. பேசினில் ஆயில் நிறைய நிறைய, என் மகன் இந்த மூடியை நம்பியா மலைப்பாதையில் கேரளாவுக்குப் போய் வரப் போகிறான் என்று அந்த மூடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

உன் தங்கை படியில் உட்கார்ந்து, வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, இதுல கை படம் போட்டிருக்கு. ஸ்பேனர் படத்து மேல பெருக்கல் குறி போட்டிருக்கு" என்றாள். காதில் விழாத மாதிரி இருந்தேன். திரும்பவும் சொன்னாள். "அச்சுப் பிழையா இருக்கும்" என்றேன். அவள் எழுந்து வந்து குனிந்து, சேம்பரை நகத்தால் தட்டி, "இதுவும் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கு" என்றாள். "கறுப்பா இருந்தா பிளாஸ்டிக்கா? நானுந்தான் கறுப்பா இருக்கேன்" என்றேன். அவள் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசாமல் போய் உட்காருகிற ஒவ்வொரு தடவையும் நான் தோற்றிருக்கிறேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தோற்றிருக்கிறேன்.

அந்த மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தென்காசி லேத் பட்டறைக்குப் போனேன். லேத் அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எந்த டப்பா மூடி வே?"

"டப்பா மூடி இல்ல. மகன் வண்டி டிரெயின் நட்டு. இதே மரையில இரும்புல ஒண்ணு கடைஞ்சு தாரும்."

"கம்பெனிக்காரன் தெரியாமலா பிளாஸ்டிக்ல வச்சிருப்பான்? ஒரு கணக்கு இருக்கும்லா?"

"அவன் கணக்கு அவனுக்கு. அவன் மகனா இத ஓட்டுதான்? நீரு கடையும்."

கடைந்து தந்தார். என்ன அழகு, என்ன கனம்! அதைக் கையில் வாங்கியபோதுதான் உனக்கு அப்பா என்று ஒருத்தன் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து மாட்டினேன், முடுக்கினேன், குழாயைச் செருகி வழக்கம்போல இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. "நட்டு சரியா உக்காந்தா ஒரு சத்தம் வரும்னு புக்குல போட்டிருக்குப்பா" என்று உன் தங்கை முன்பே சொல்லியிருந்தாள். "கேட்டியா சத்தத்த? உன் புஸ்தகப்படிதான் செஞ்சிருக்கேன்" என்று வெளியே வந்தேன். அது நட்டு உட்கார்ந்த சத்தம் இல்லை. பிளாஸ்டிக் சேம்பரின் வாய் விரிசல் விட்ட சத்தம். ஆயிலை ஊற்றினேன். இரண்டு மூன்று நாள் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நான் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கே தெரியும். ஆனால் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படி இருந்தது என்பது தெரியாது. குற்றாலத்தில் நல்ல சாரல். இலஞ்சி ஏட்டையா வீட்டையும் நம் வீட்டையும் சேர்த்து ஒரு குளியல் போட்டு வரலாம் என்று நீதான் ஆசையாகக் கூப்பிட்டாய். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற மனுஷர், உனக்கு மாமனாராக வரப் போகிறவர், மடிப்புக் கலையாத வேட்டியோடு ஜன்னல் ஓரம் இருந்தார். நடுவில் நான். பின்னால் ஜமுக்காளத்தை விரித்து இரண்டு வீட்டுப் பெண்கள், அவர் தங்கச்சி பிள்ளைகள் இரண்டு, ஒரு சட்டி புளியோதரை. ஐந்தருவிச் சாலையில் ஏறும்போது அந்தப் பிள்ளைகள் பின்னாலிருந்து கத்தின.

"மாமா, ரோட்டுல வானவில் வருது! நம்ம பின்னாடியே வருது!"

ஏட்டையா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நல்ல சகுனம்லா அண்ணாச்சி" என்றார். "ஆமா, ரொம்ப நல்ல சகுனம்" என்று நானும் சொன்னேன். ஈரத் தார்ச்சாலையில் ஆயில் படிந்தால் ஏழு கலரும் தெரியும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் அது என் புத்தியில் வரவில்லை. அதற்குள் உன் முன்னால் ஆயில் குறைந்ததைக் காட்டுகிற சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நீ அந்த நொடியே எஞ்சினை அணைத்து ஓரம் கட்டியதால்தான் எஞ்சின் பிழைத்தது. நானாக இருந்தால் அருவி வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று ஓட்டியிருப்பேன்.

நீ நல்ல சட்டையோடு அடியில் நுழைந்தாய். நான் வெளியே நின்று மேடைப் பேச்சு பேசினேன். "பிளாஸ்டிக்! எஞ்சினுக்குப் பிளாஸ்டிக்ல நட்டு வச்சா வேற என்ன ஆகும்? இவனுவள எல்லாம் நிக்க வச்சுக் கேக்கணும்!" அங்கே ரம்புட்டான் விற்றுக்கொண்டிருந்த அம்மா, "அண்ணாச்சி, எங்க வீட்டுக் கொடம்கூட பிளாஸ்டிக்தான். பத்து வருசமா ஒழுகலியே" என்றாள். அவளையும் முறைத்தேன். என் மனசுக்குத் தெரியும், அந்த ஓட்டையில் இருப்பது பிளாஸ்டிக் இல்லை. வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

நீ எண்ணெயும் சகதியுமாக வெளியே வந்தாய். என்னை ஒருதடவை பார்த்தாய். பிறகு ஏட்டையாவிடம் திரும்பி, "நான்தான் மாமா நட்டைச் சரியா முடுக்கல" என்றாய். ஏட்டையா உன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம்... பாப்போம்" என்றார். அவ்வளவுதான். இரும்பு நட்டின்மேல் எண்ணெய் அப்பிக் கிடந்ததில் உனக்கு அடையாளம் தெரியவில்லை, தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். ஆமாம், மகனே, அந்த இடத்தில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

அதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. உன் வண்டியை சர்வீஸுக்கு அனுப்பிவிட்டு, பழைய வண்டியை எடுத்துக்கொண்டு எர்ணாகுளத்துக்கு லோடு அடிக்கப் போய்விட்டாய். வருவாய், குளிப்பாய், தட்டைப் பார்த்தே சாப்பிடுவாய், போய்விடுவாய். தேதியைப் பற்றிக் கேட்க உன் அம்மா இலஞ்சிக்குப் போன் பண்ணினால், "ஆடி கழியட்டும்" என்று பதில். ஆயிலைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவனிடம் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று ஏட்டையா யோசிக்கிறார், அதுதான் நழுவுகிறார் என்று எனக்குப் பட்டது. இதற்கு நடுவில், கம்பெனியை ஏசுகிற சாக்கில் நான் வானவில் கதையைச் சொன்னதில், ஸ்டாண்டில் உனக்கு 'வானவில் மாப்ள' என்று பேர் வைத்துவிட்டார்கள். "வானவில் மாப்ள வாராரு, ரோட்டப் பாத்து நடங்கலே!" என்று அவர்கள் கத்தினபோது நானும் அங்கே நின்றிருந்தேன். டீயைக் குடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை. உன் அம்மா துவைக்கும்போது என் சட்டைப் பையில் அந்தப் பிளாஸ்டிக் நட்டை எடுத்து, "இது எதுக்குள்ள மூடி?" என்று கேட்டாள். டானிக் மூடி என்றேன். அவள் பாவம், வீட்டில் இருக்கிற எல்லாப் பாட்டிலிலும் அதை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

இதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை சொன்னேன். கடைசியாக, "இந்தக் கடிதத்தை நீயே இலஞ்சிக்குக் கொண்டுபோய் ஏட்டையாவிடம் காட்டு, எல்லாம் சரியாகிவிடும்" என்று முடிக்கச் சொன்னேன். உன் தங்கை எழுதவில்லை. "எழுது" என்றேன். "அண்ணன் எதுக்குக் கொண்டுபோகணும்? மாத்துனது நீங்கதான?" என்றாள். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். நான் இரண்டு நாள் அந்தத் தாளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இன்று காலையில் டவுன் பஸ் ஏறி இலஞ்சிக்குப் போனேன்.

ஏட்டையா பனியனோடு தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி, என்ன திடீர்னு?" என்றார். உட்காரக்கூட இல்லாமல், "மகன்மேல தப்பில்ல, எல்லாம் நான்தான்" என்று ஆரம்பித்துவிட்டேன். "இருங்க, இருங்க" என்று அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சட்டை போடாமல் வாக்குமூலம் வாங்கிப் பழக்கமில்லை போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "இப்பச் சொல்லுங்க" என்றார். ஒன்றுவிடாமல் சொன்னேன். பேசின், புத்தகம், பெருக்கல் குறி, லேத், குழாய், 'டிக்' சத்தம், வானவில், டீ. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது எல்லாம் எனக்கு முன்னமே தெரியும் அண்ணாச்சி." என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கே உங்க மகன் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். வண்டிக்கு அடியில இருந்து வந்தவன் முதல்ல உங்களத்தான் பாத்தான். அப்புறம்தான் என்னப் பாத்து, நான்தான் முடுக்கலன்னான். முப்பது வருசமா பொய்யக் கேட்டே சம்பளம் வாங்கினவன் நான். இவ்வளவு மோசமா பொய் சொல்லுத ஒருத்தன நான் பாத்ததே இல்ல."

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நாலு நாள் கழிச்சு இங்கன வந்தான். ரெண்டு கேள்விதான் கேட்டேன், கக்கிட்டான். அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க மாமா, அவரு ஒடைஞ்சு போயிருவாருன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டான்."

"அப்போ... தேதி?"

"என்ன தேதி?"

"கல்யாணத் தேதிதான். பாப்போம்னீங்க. ஆடி கழியட்டும்னீங்க. கோவத்துலதான் தள்ளுதீங்கன்னு நெனச்சேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, ஆடி மாசத்துல எவன் வே கல்யாணத் தேதி குறிப்பான்?"

உள்ளே இருந்து அவர் வீட்டம்மா, "ஆவணியில மூணு நாளு பாத்து வச்சிருக்கோம். அண்ணாச்சிக்குக் காப்பில சீனி போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்கள். "மூணு நாளா?" என்றுதான் நான் கேட்டேன். ஏட்டையாவே, "ரெண்டு கரண்டி போடு, மனுசன் வேர்த்துப் போயிருக்காரு" என்றார். வழியனுப்ப வந்தவர் வாசலில் நின்று, "தகப்பன விட்டுக்குடுக்காதவன் என் மகளயும் விட்டுக்குடுக்க மாட்டான். நான் பாத்தது அதத்தான். ஆயில எவன் பாத்தான்?" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. நீ கோபத்தில் பேசாமல் இருக்கிறாய் என்று நான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்றுதான் பேசாமல் இருந்திருக்கிறாய். உன்னைக் கேலி செய்தவர்கள் நடுவில் நான் டீ குடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தாய். பார்த்துவிட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஒரு நட்டை இன்னும் ஒரு இழுப்பு இழுக்காமல் விட முடியாதவன். நீ இவ்வளவு பெரிய விஷயத்தைப் பிடித்து இழுக்காமல் ஐந்து வாரம் விட்டு வைத்திருந்தாய். உனக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்தேன், சொல்லுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றே ஒன்று சொல்லலாம். பொய் சொல்லுவதை விட்டுவிடு. நல்லது கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை, உனக்கு அது சுத்தமாக வரவில்லை.

உன் வண்டி புதுச் சேம்பரோடு வந்த பிறகு, ஆயில் மாற்றுகிறபோதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் நட்டை நீயே கையால் மாட்டிக்கொள். நான் வீட்டுக்குள் இருப்பேன். வேடிக்கை பார்க்கக்கூட வரமாட்டேன். இலஞ்சியில் சொன்னதையே நாளைக்கு ஸ்டாண்டிலும் நானே போய்ச் சொல்லப் போகிறேன். கடிதம் அங்கே பின்னால் வரட்டும். எனக்கு அவர்கள் என்ன பேர் வைத்தாலும் வைக்கட்டும்.

எனக்கு இப்போது ஒன்றுதான் வேண்டும். நீ எர்ணாகுளத்திலிருந்து வந்ததும் குளி, சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்து என்னை நன்றாக ஏசு. அப்பா என்று பார்க்காதே. மனசில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் ஏசு. நீ ஏசும்போது நடுவில் வந்து தடுக்கக் கூடாது என்று உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "நான் எதுக்குத் தடுக்கேன்? எனக்கும் சேத்து ரெண்டு ஏசச் சொல்லுங்க" என்கிறாள். நான் சொல்லாமலே உன் தங்கை இதை எழுதிக்கொண்டாள்.

ஏலே, ஐந்து வாரம் ஆகிறது உன் குரலைக் கேட்டு. முதல் பேச்சு ஏச்சாகவே இருக்கட்டும். சீக்கிரம் வா.

உன் அப்பா